வீட்டிலேயே இக்னிஷன் காயிலை மேம்படுத்தலாமா? தீப்பொறிக்குப் பின்னால் உள்ள கணக்கு

பேட்டரியின் 12 வோல்ட்டை ஸ்பார்க் பிளக்கில் பொறி பாயும் அளவுக்கு உயர்த்தும் பாகம்தான் இக்னிஷன் காயில். அந்தக் காயில் டப்பாவின் மேல் ‘60,000 வோல்ட்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அந்த எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் நன்றாக ஓடும் ஒரு சாதாரண பெட்ரோல் எஞ்சினுக்குள் அந்த 60,000 வோல்ட் வருவதே இல்லை. காயிலை மாற்றிப் பார்க்க ஆசைப்படுபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இது பிடிபட்டுவிட்டால் எந்தக் காயில், எந்த ஸ்விட்ச், எத்தனை ஆம்பியர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும்.

ஸ்பார்க் பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னாக ஓர் இடைவெளி. மெக்கானிக்குகள் அதை ‘கேப்’ என்பார்கள். திறந்த காற்றில் 1 மி.மீ. கேப்பைத் தாண்டிப் பொறி பாய 3,000 அல்லது 4,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து காற்றை அமுக்கியிருக்கும்போது அதே கேப்புக்கு 10,000, 15,000 என்று தேவைப்படும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலோ, டர்போ இருந்தாலோ இன்னும் ஏறும். காயிலிலிருந்து வரும் மின்னழுத்தம் பூஜ்ஜியத்திலிருந்து விறுவிறுவென்று ஏறும். கேப் எந்த அளவில் உடைந்து பொறிக்கு வழிவிடுகிறதோ அங்கேயே ஏற்றம் நின்றுவிடும். உடனே அழுத்தம் சரிந்து, பொறி எரிந்துகொண்டிருக்கும் ஒன்றிரண்டு மில்லிசெகண்டும் ஆயிரம் வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஆக, எத்தனை வோல்ட் வரவேண்டும் என்று முடிவு செய்வது பிளக்கும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமும்தான். காயில் டப்பாவில் இருப்பது அதனால் அதிகபட்சம் எவ்வளவு ஏற முடியும் என்ற எல்லை மட்டும்.

அப்படியானால் பெரிய காயில் எதற்கு? இரண்டு காரணங்கள். ஒன்று, கேப் கேட்பதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பு வேண்டும்; பிளக் தேய்ந்து கேப் அகலும்போதும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதும் அந்தக் கையிருப்புதான் காப்பாற்றும். இரண்டாவது, கேப் உடைந்தபிறகு பொறி எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டோடு எரிகிறது என்பது காயில் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றலைப் பொறுத்தது. இந்த இரண்டாவது விஷயத்தில்தான் எல்லா நுணுக்கமும் இருக்கிறது.

12 வோல்ட் எப்படி 30,000 ஆகிறது?

காயிலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய இரும்புத் தகடுகளாலான ஓர் உள்ளகம், அதன்மேல் இரண்டு சுருள்கள். பிரைமரி என்பது தடித்த வயரில் சில நூறு சுற்று. செகண்டரி என்பது தலைமுடி போன்ற மெல்லிய வயரில் பல்லாயிரம் சுற்று. இரண்டுக்கும் விகிதம் பெரும்பாலும் 1-க்கு 100-ஐ ஒட்டி இருக்கும்.

இதைப் படித்ததும் டிரான்ஸ்ஃபார்மர் ஞாபகம் வரும். அந்தக் கணக்குப்படி போட்டால் 12 வோல்ட்டை 100-ஆல் பெருக்க 1,200 வோல்ட்தான் கிடைக்கும். அதை வைத்துச் சிலிண்டருக்குள் பொறி வராது. மீதி எங்கிருந்து வருகிறது?

மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்டுவதிலிருந்து வருகிறது. பிரைமரியில் மின்னோட்டம் ஓடும்போது உள்ளகத்தில் காந்தப்புலம் எழும்பி நிற்கிறது. ஸ்விட்சைச் சட்டென்று துண்டித்தால் அந்தக் காந்தப்புலம் ஒரே கணத்தில் சரிகிறது. மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு மின்னழுத்தம். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல் விதி இதுவே. வெட்டிய கணத்தில் பிரைமரியிலேயே 300, 400 வோல்ட் எழும்பும். செகண்டரி அதை நூறு மடங்காக்கும். அதுதான் 30,000, 40,000.

1836-இல் அயர்லாந்தின் மேநூத் கல்லூரியில் நிக்கோலஸ் கேலன் என்ற பாதிரியார் இப்படியொரு தூண்டு சுருளைச் செய்துவிட்டார். அதைக் காருக்கு ஏற்ற எளிய பேட்டரி இக்னிஷனாக அமைத்தவர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய டெல்கோ இக்னிஷன் 1910-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கேம், அது திறந்து மூடும் ‘பாயிண்ட்’ என்ற சின்ன ஸ்விட்ச், பக்கத்தில் ஒரு கண்டென்சர், வெளியே ஒரு காயில் என்ற அந்த அமைப்பு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. அதை இன்றும் ‘கெட்டரிங் இக்னிஷன்’ என்றே சொல்கிறோம்.

கண்டென்சரைப் பற்றி ஒரு வார்த்தை. பாயிண்ட் திறக்கும் கணத்தில் எழும் அந்த 300 வோல்ட், பாயிண்ட்டுக்கு நடுவிலேயே பொறியாகப் பாயப் பார்க்கும். அப்படிப் பாய்ந்தால் வெட்டு சுத்தமாக இருக்காது. ஆற்றல் அங்கேயே எரிந்துபோய் பிளக்குக்குப் பலவீனமான பொறிதான் போகும். ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டென்சர் அந்த முதல் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு வெட்டைச் சுத்தமாக்குகிறது. பழைய வண்டியில் பொறி பலவீனமாக இருந்தால் காயிலைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சின்னப் பொருளை மாற்றிப் பாருங்கள்.

குடமும் குழாயும்

காயிலை ஒரு குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் மூடியிருக்கும் நேரம் குழாய் திறந்திருக்கும் நேரம். ஸ்விட்ச் துண்டிக்கும் கணத்தில் குடத்தை மொத்தமாகக் கவிழ்த்துவிடுகிறோம். குழாய் திறந்திருக்கும் அந்த நேரத்துக்கு ‘ட்வெல்’ என்று பெயர். குடம் எவ்வளவு பெரிது என்பது ஒரு பக்கம். கவிழ்ப்பதற்குள் அது நிறைந்ததா என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

சேரும் ஆற்றலுக்கு ஒரு சூத்திரம் உண்டு. காயிலின் தூண்டல் அளவை (ஹென்றி என்ற அலகில் சொல்வது; நம் குடத்தின் அளவு போல) மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆற்றல் கிடைக்கும். வர்க்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மின்னோட்டம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும்.

உதாரணத்துக்குப் பழைய எண்ணெய் நிரப்பிய உருளைக் காயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரைமரி மின்தடை 3 ஓம், தூண்டல் 8 மில்லிஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும். 14-ஐ 3-ஆல் வகுத்தால் அதிகபட்சம் 4.7 ஆம்பியர் ஓடும். முழுசாக நிறைந்தால் சேரும் ஆற்றல் 87 மில்லிஜூல். நல்ல அளவுதான்.

ஆனால் காயிலுக்குள் மின்னோட்டம் ஒரே தாவலில் ஏறாது. தூண்டலை மின்தடையால் வகுத்தால் ஒரு நேர அளவு கிடைக்கும். இந்தக் காயிலுக்கு அது 2.7 மில்லிசெகண்ட். அவ்வளவு நேரத்தில் 63 சதவீதம்தான் ஏறியிருக்கும். கிட்டத்தட்ட முழுசாக நிறைய அதைப்போல நாலைந்து மடங்கு நேரம் வேண்டும்.

இப்போது எஞ்சின் பக்கம் வருவோம். நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காயில். ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. ஐடிலிங்கில் 800 ஆர்பிஎம் என்றால் இரண்டு பொறிகளுக்கு நடுவே 37 மில்லிசெகண்ட் கிடைக்கும். குடம் நிறைந்து வழியும் அளவுக்கு நேரம். 6,000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 200 பொறி. நடுவே 5 மில்லிசெகண்ட்தான். அதில் பாயிண்ட் மூடியிருப்பது ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது 3 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் நம் காயிலில் ஏறுவது 3.15 ஆம்பியர், ஆற்றல் 40 மில்லிஜூல். ஐடிலிங்கில் இருந்ததில் பாதிகூட இல்லை. நாலு சிலிண்டருக்கே இப்படியென்றால் எட்டு சிலிண்டர் எஞ்சினில் இன்னும் பாதி நேரம்தான் கிடைக்கும். அதிக வேகத்தில் பழைய எஞ்சின்கள் மிஸ் அடிப்பதற்கு, அதாவது நடுநடுவே கலவை பற்றாமல் போவதற்கு, இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

குறைந்த மின்தடைக் காயில் எதற்கு என்பது இங்கேதான் புரியும். 0.7 ஓம், 4 மில்லிஹென்றி கொண்ட ஒரு காயிலைப் பாருங்கள். தூண்டல் பாதிதான், ஆனால் அது படுவேகமாக நிறையும். 14 வோல்ட்டில் 6 ஆம்பியரைத் தொட 2 மில்லிசெகண்ட் போதும். அப்போது சேர்ந்திருப்பது 72 மில்லிஜூல். 6,000 ஆர்பிஎம்மிலும் 2 மில்லிசெகண்ட் கிடைக்கும் என்பதால் எல்லா வேகத்திலும் அதே 72. ஸ்விட்சில் இழக்கும் சின்ன அழுத்தத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் படம் மாறாது.

ஆபத்தும் இந்தக் காயிலிலேயே இருக்கிறது. 6 ஆம்பியரில் வெட்டாமல் விட்டுவிட்டால் அது அங்கே நிற்காது. 14-ஐ 0.7-ஆல் வகுத்தால் 20 ஆம்பியர். பழைய பாயிண்ட் தாங்குவது நாலைந்து ஆம்பியர்தான். நான் முதன்முதலில் செய்த தவறு இதுதான்: பாயிண்ட் வைத்த எஞ்சினில் புதுவகைக் காயில் ஒன்றை நேராக மாட்டினேன். வண்டி சட்டென்று கிளம்பியது, எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மறுநாள் பாயிண்ட் முகம் கருகி, காயில் கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது. காயிலில் ஒரு குறையும் இல்லை. குழாயை மூட ஆள் வைக்காமல் பெரிய குழாயைத் திறந்துவிட்டதுதான் பிழை.

இன்னொன்றும் நடக்கும். உள்ளகத்தால் ஓரளவுக்குத்தான் காந்தப்புலத்தைத் தாங்க முடியும். அதற்குமேல் தெவிட்டு நிலை வந்துவிடும். அதன்பிறகு தூண்டல் விழுந்துவிடுவதால் மின்னோட்டம் கிடுகிடுவென்று ஏறும். ஆனால் பொறிக்கு ஏதும் கூடாது. எல்லாம் சூடாகவே போகும்.

உண்மையிலேயே இது உங்களுக்குத் தேவையா?

அசையாமல் நிற்கும், சரியான விகிதத்தில் கலந்த பெட்ரோல் காற்றுக் கலவையைப் பற்றவைக்க 0.2 மில்லிஜூல் அளவே போதும். கலவை மெலிந்திருந்தாலோ, சுழன்றடித்தாலோ 3 மில்லிஜூலுக்கு மேல் வேண்டியிருக்கும். வழக்கமான இக்னிஷன் பொறிக்குள் 30 முதல் 50 மில்லிஜூல் வரை கொடுக்கிறது. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கலவை சரியாகப் பற்றிக்கொள்ளும் எஞ்சினில் பெரிய பொறி கொடுத்தால் பலம் கூடாது. மைலேஜும் கூடாது. தீக்குச்சியால் பற்றிய அடுப்பும் பந்தத்தால் பற்றிய அடுப்பும் ஒரே மாதிரிதான் எரியும்.

பயன் தெரிவது பொறி தவறும் எஞ்சின்களில்தான். குளிரில் கிளம்ப அடம்பிடிக்கும் கார்புரேட்டர் வண்டி, கம்ப்ரெஷன் கூட்டிய எஞ்சின், பின்னால் டர்போ பொருத்தியது, மெலிந்த கலவையில் ஓட வைத்தது, அதிக வேகத்தில் மிஸ் அடிப்பது. இவற்றில் மாற்றம் நன்றாகவே தெரியும்.

காயிலில் கைவைக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரால் பேட்டரியின் அழுத்தத்தையும், காயிலின் பிளஸ் முனையில் வரும் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். பழைய வண்டிகளில் இக்னிஷன் சாவி, கனெக்டர், நைந்த வயர் என்று வழியெல்லாம் இழந்து ஒன்று இரண்டு வோல்ட் குறைவாக வரும். மேலே சொன்ன வர்க்கக் கணக்குப்படி 14-இல் 1 வோல்ட் போனாலே ஆற்றலில் 14 சதவீதம் போய்விடும். சில வண்டிகளில் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றே ஒரு பேலஸ்ட் மின்தடை வைத்திருப்பார்கள். அங்கே குறைவாகக் காட்டுவது இயல்பு. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 9 வோல்ட் அளவுக்கு விழுந்துவிடும் என்பதால் அந்த நேரம் மட்டும் பேலஸ்ட்டைத் தாண்டிப்போகும் தனி வயர் இருக்கும். பேலஸ்ட் இல்லாத வண்டியில் அழுத்தம் குறைந்தால், பேட்டரியிலிருந்து நேராக ஒரு ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வழியாகக் காயிலுக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பல பேருக்கு மேம்பாடு இத்தோடு முடிந்துவிடும். எனக்குப் பிடித்த மேம்பாடும் இதுதான். செலவு குறைவு, கெடுவதற்கு ஒன்றுமில்லை.

பிளக், எச்.டி. வயர் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுபோகும் தடித்த வயர்), டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் ஆகியவையும் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதை வீட்டில் செய்வது, எதைச் செய்யக் கூடாது

காயிலையே வீட்டில் சுற்றிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். செகண்டரியில் அவ்வளவு மெல்லிய வயரை ஆயிரக்கணக்கில் அறுந்துபோகாமல் சுற்றுவது ஒரு சவால் என்றால், சுற்றடுக்குகளுக்கு நடுவே காப்பு கொடுப்பது அதைவிடப் பெரிய சவால். ஆலையில் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு எபாக்ஸி அல்லது எண்ணெய் நிரப்புவார்கள். ஒரு சின்னக் காற்றுக்குமிழ் உள்ளே தங்கினாலும் அங்கே நுண்ணிய மின்கசிவு தொடங்கி, நாளடைவில் காப்பை அரித்துத் துளைத்துவிடும். வீட்டில் செய்யவேண்டியது தயாராக வரும் நல்ல காயில் ஒன்றை எடுத்து, அதற்குப் பொருத்தமான ஸ்விட்சையும் ட்வெல்லையும் வயரிங்கையும் அமைப்பது. வேலை அதில்தான் இருக்கிறது.

காயிலைப் பொறுத்தவரை பழைய உருளைக் காயிலைவிட ‘ஈ-கோர்’ வகை மேல். அதில் இரும்பு உள்ளகம் சுருளை வெளியிலும் சுற்றிவந்து காந்தப்பாதையை ஏறத்தாழ மூடிவிடுகிறது. அதனால் சிதறிப்போகும் காந்தப்புலம் குறைவு. அதற்கடுத்து, ஒவ்வொரு பிளக்குக்கும் மேலேயே உட்காரும் தனிக் காயில்கள். நாலு சிலிண்டருக்கு நாலு காயில் என்றால் 6,000 ஆர்பிஎம்மிலும் ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிசெகண்ட் இடைவேளை கிடைக்கும். மேலே பார்த்த நேர நெருக்கடியே இல்லாமல் போய்விடும்.

ஸ்விட்சுக்கு வருவோம். பாயிண்ட்டையே வைத்துக்கொள்வதானால் 3 ஓம் காயிலோடு நின்றுவிடுங்கள். அந்த வகையில் தரமான ஒன்றை வாங்கிப் பொருத்தலாம், அவ்வளவுதான். அதற்குமேல் போக வேண்டுமானால் மின்னணு ஸ்விட்ச் வேண்டும்.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு எளிய வழி, ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களின் நடுவில் கொண்டுவந்த ‘எச்.இ.ஐ.’ இக்னிஷனின் நாலு முனை மாட்யூல். வீட்டில் செய்பவர்கள் நெடுங்காலமாக இதைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட்டுக்குப் பதிலாகப் பொறிக்கான நேரத்தைச் சொல்லும் காந்தப் பிக்கப்பிலிருந்து இரண்டு வயர், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர், காயிலின் மைனஸுக்கு ஒரு வயர். காயிலின் பிளஸ்ஸுக்கு நேராக பேட்டரி மின்சாரம். மாட்யூலின் உலோக அடிப்பகுதிதான் எர்த். குழாயை மூடும் ஆள் இதற்குள்ளேயே இருக்கிறார்: ஐந்தரை ஆம்பியர் அளவில் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும், வேகத்துக்கு ஏற்ப ட்வெல்லையும் சரிசெய்துகொள்ளும். பிக்கப் சிக்னல் வராவிட்டால் காயிலுக்கு மின்சாரம் ஓட விடாது. ஆகவே சாவியைப் போட்டுவிட்டு மறந்தாலும் காயில் வேகாது. பிக்கப்பின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் மட்டும் டைமிங், அதாவது பொறி வரும் நேரம், தவறிப்போகும். எந்த மாற்றத்துக்குப் பிறகும் டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்த படி, ஐ.ஜி.பி.டி. என்ற, ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் வகை. இக்னிஷனுக்கென்றே வரும் ஐ.ஜி.பி.டி.க்களில் 350 முதல் 450 வோல்ட்டுக்குள் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே இருக்கும். துண்டிக்கும்போது எழும் அழுத்தம் அதைத் தாண்டாது. கையில் கிடைத்த ஏதோ ஒரு பவர் டிரான்சிஸ்டரைப் போட்டால் முதல் நாளே போய்விடுவதற்கு இந்த ஏற்பாடு இல்லாததே பெரும்பாலும் காரணம். ஆனால் வெறும் ஐ.ஜி.பி.டி.க்குக் கணக்குத் தெரியாது. எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று சொல்ல ஒரு ஈ.சி.யூ., அதாவது எஞ்சினை இயக்கும் சின்னக் கணினி, வேண்டும். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற, நாமே அமைத்துக்கொள்ளும் ஈ.சி.யூ.க்கள் இதற்கு ஏற்றவை.

தனிக் காயில்களை வாங்கும்போது பின்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு பின் என்றால் உள்ளே சுருள் மட்டும், வெளியில் ஐ.ஜி.பி.டி. வேண்டும். மூன்று, நாலு பின் என்றால் பெரும்பாலும் ஸ்விட்ச் உள்ளேயே இருக்கும். 5 வோல்ட் சிக்னல் கொடுத்தால் போதும். செவர்லேவின் எல்.எஸ். எஞ்சின் காயில்கள் இந்த இரண்டாம் வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 5 வோல்ட் சிக்னல் மட்டும் கொடுக்கத் தெரிந்த ஈ.சி.யூ.வில் இரண்டு பின் காயிலை மாட்டினால் ஈ.சி.யூ.வே போய்விடும். பின் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் அந்தக் காயிலுக்குரிய வயரிங் படத்தையும் பார்த்துவிடுங்கள்.

ட்வெல் எவ்வளவு வைப்பது? தயாரிப்பாளரின் அட்டவணை கிடைத்தால் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. கிடைக்காவிட்டால் ஆசிலாஸ்கோப்பும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப்பும் வேண்டும். ஸ்விட்ச் மூடியதும் திரையில் மின்னோட்டம் சாய்ந்த கோடாக ஏறும். ஒரு கட்டத்தில் அந்தக் கோடு சட்டென்று மேல்நோக்கி வளைந்தால், தெவிட்டு நிலை வந்துவிட்டது என்று பொருள். அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்பே வெட்டிவிட வேண்டும். முதலில் 1.5 மில்லிசெகண்டில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நம் 0.7 ஓம் காயில் 14 வோல்ட்டில் 2 மில்லிசெகண்டில் 6 ஆம்பியரைத் தொட்டது. ஸ்டார்ட் செய்யும்போது 9 வோல்ட்தான் இருக்கிறதென்றால் அதே 6 ஆம்பியருக்கு 3.6 மில்லிசெகண்ட் ஆகும். அதனால்தான் ஈ.சி.யூ.வில் பேட்டரி அழுத்தத்துக்கு ஏற்ப ட்வெல்லை மாற்றும் அட்டவணை இருக்கிறது. அதை நிரப்பாமல் விடாதீர்கள்.

பொருத்தும் வேலை

முதலில் மல்டிமீட்டரால் காயிலை அளந்து பாருங்கள். பிரைமரி, வகையைப் பொறுத்து 0.4 ஓம் முதல் 3 ஓம் வரை காட்டும். மீட்டரின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன எண்ணில் அதுவே பெரிய பிழையாகிவிடும். செகண்டரி பல ஆயிரம் ஓம் காட்டும். உள்ளே ஸ்விட்ச் உள்ள காயில்களில் இந்தச் சோதனை செல்லாது.

மின்சாரம் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், அப்புறம் ரிலே, அப்புறம் காயில். பழைய இக்னிஷன் வயர் ரிலேயை இயக்க மட்டும் பயன்படட்டும். 2.5 சதுர மி.மீ. வயர் தாராளமாகப் போதும். எர்த் வயரை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள்; துருப்பிடித்த போல்ட்டில் மாட்டிய எர்த் வயரால் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். மாட்யூலோ ஐ.ஜி.பி.டி.யோ எதுவானாலும் தடித்த அலுமினியத் தகட்டின்மேல், நடுவே வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி, எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள். ஐ.ஜி.பி.டி.யின் முதுகுப்புறத் தகட்டிலும் காயில் மின்சாரம் இருக்கும். நடுவே காப்புத் தாள் வைக்க மறந்துவிடக் கூடாது. எச்.இ.ஐ. மாட்யூலுக்கு அந்தத் தாள் கூடாது, அதற்கு எர்த்தே அந்த வழியாகத்தான்.

காயிலின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும். ஆனால் பொறியின் திசை மாறிவிடும். பிளக்கின் நடுமுனை அதிகச் சூடாக இருக்கும். சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் எளிதில் கிளம்பும். அதனால் நடுமுனை மைனஸாக இருந்தால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி வரும். மாற்றிக் கொடுத்தால் கையிருப்பைத் தேவையில்லாமல் இழக்கிறீர்கள்.

பிளக்கும் வயரும் மின்தடை உள்ளவையாகவே இருக்கட்டும். பிளக்குக்குள் இருக்கும் 5,000 ஓம் அளவு மின்தடை பொறியைக் கெடுக்காது. ரேடியோ இரைச்சலையும், ஈ.சி.யூ.வும் சென்சார்களும் குழம்புவதையும் தடுக்கிறது. வெறும் செம்பு எச்.டி. வயர் போட்டால் பொறி பலமாகும் என்று நம்பிப் போட்டுவிட்டு, சென்சாரில் கோளாறு தேடுபவர்கள் உண்டு.

கேப்பைக் கடைசியில் தொடுங்கள். பாயிண்ட் வண்டிகளில் 0.6 மி.மீ. அளவில் இருக்கும். புது இக்னிஷன் நன்றாக ஓடத் தொடங்கியபிறகு 0.1 மி.மீ. வீதம் கூட்டிக்கொண்டே போகலாம்; 0.9 முதல் 1.1 மி.மீ. வரை பொதுவாக எட்டலாம். முழு ஆக்ஸிலரேட்டரில் மிஸ் அடித்தால் ஒரு படி பின்வாங்குங்கள். டர்போ எஞ்சினில் கேப்பைக் கூட்டவே வேண்டாம். அங்கே குறைப்பதுதான் வழக்கம்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். பிரைமரி பக்கம் 12 வோல்ட்தானே என்று மைனஸ் முனையைத் தொடாதீர்கள்; துண்டிக்கும் கணத்தில் அங்கே 300, 400 வோல்ட் இருக்கிறது. செகண்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இக்னிஷன் பக்கமே வரக்கூடாது. பொறி வருகிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். போக வழியில்லாத அந்த அழுத்தம் காயிலின் உள்காப்பையே துளைத்துவிடும். பெரிய காயிலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதோடு, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சூடேறி அதைப் பாழாக்கும். கேப் மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கி, அதை நன்றாக எர்த் செய்து சோதியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இல்லாதபடி, நல்ல காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

எல்லாம் மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து காயிலின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எஞ்சின் சூட்டைத் தாண்டி அதுவே தனியாகக் கொதித்தால் ட்வெல் அதிகம். அரை மில்லிசெகண்ட் குறையுங்கள். அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பழைய காயிலுக்குத் தாக்குப்பிடித்த வயரும் மூடியும் புதுக் காயிலின் அழுத்தத்தைத் தாங்காமல் ஏதாவது ஓரிடத்தில் நீலமாக மினுங்கலாம், ‘டிக் டிக்’ என்று சத்தமும் வரலாம். அப்படித் தெரிந்தால் அந்தத் துண்டை மாற்றிவிட்டு, மறுபடி விளக்கை அணைத்துப் பாருங்கள்.